ஜித்தாவைத் தள்ளி வைத்தவள்

சேனாப் ஜித்தாவை ஐந்து மணி நேரம் தள்ளி வைத்துவிட்டாளாம். மக்காசார் நகரச் சந்தையில் மீன்காரி என்னிடம் சொன்னாள். அவளுக்கு யாரோ சொன்னார்களாம்.

"டிக்கெட்ல ஆறரை மணி நேரம்தான் வருதாம். இவ நூலை வச்சு அளந்துட்டு பதினொன்னரைங்கிறா. கமிஷனும் நீளும் போல!"

நான் நேராக, எல்லோரும் ‘இபு’, அதாவது அம்மா, என்று கூப்பிடுகிற சேனாபின் விமான டிக்கெட் கடைக்குப் போனேன். ஊருக்குப் போக நான் எப்போதும் அவளிடம்தான் டிக்கெட் எடுப்பேன். அவள் வேலை செய்கிற விதம் அப்படி. மேசையில் ஒரு உலக உருண்டை. பட்டம் விடும் நூலை இரண்டு விமான நிலையங்களுக்கும் நடுவே இழுத்துப் பிடிப்பாள். நூல் தானாகவே நகர்ந்து குறுக்கு வழியில் போய் உட்காரும். விமானம் ஒரு மணி நேரம் பறக்கும் தூரத்துக்கு ஒரு முடிச்சு. டிக்கெட்டோடு அந்த நூலையும் கொடுத்து, விரலால் உருட்டிப் பார்க்கச் சொல்வாள். கடிகாரம் ஊருக்கு ஊர் பேச்சை மாற்றும், முடிச்சு மாற்றாது என்பாள்.

எதிரே டாயெங் சுங்கு உட்கார்ந்திருந்தார். மாட்டுக்கறி சூப் கடைக்காரர், ரமலானில் ஜித்தா வழியாக உம்ரா என்ற புனிதப் பயணம் போகிறவர். சர்க்கரை நோய் இருந்தும் ஒரு நோன்பைக்கூட விட்டதில்லை என்ற பெருமை அவருக்கு. அவள் அளந்து சொன்னதை ஏற்காமல் மறுபடியும் சண்டைக்கு வந்திருந்தார்.

"காலைல ஏழுக்கு ஏறுறேன், மத்தியானம் ஒன்றரைக்கு இறங்குறேன். சாயங்காலம் வழக்கம்போல நோன்பு தொறப்பேன். கணக்குத் தெரியாதவனா நான்?"

"டாயெங், அது அவங்க ஊரு ஒன்றரை. நம்ம ஊர்ல அப்ப நோன்பு தொறக்குற மஃரிப் பாங்கே சொல்லியிருப்பாங்க. நீங்க சூரியனைத் தொரத்திக்கிட்டே போறீங்க. நோன்பு அஞ்சு மணி நேரம் நீளும். உங்க உடம்பு தாங்குமா?"

"உன் நூலு மழைல நனைஞ்சு சுருங்கிப்போச்சு இபு. அதான் முடிச்சு கூடுது."

"சரி, உங்க கைலிலேருந்து ஒரு நூலை உருவுங்க. அதை வச்சு அளக்குறேன்."

கடையே சிரித்தது. டாயெங் கைலியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

சேனாப் சிரிப்பை நிறுத்திவிட்டு அவர் பக்கம் குனிந்தாள். "பயணத்துல நோன்பை விட அனுமதி இருக்கு. விட்ட நோன்பை ஊருக்கு வந்து களாவா பிடிச்சுக்கலாம். கைக்கடிகாரத்தை மட்டும் மாத்தாதீங்க. மணிக்கு ஒரு முடிச்சு தள்ளுங்க." ஏழாவது முடிச்சில் சிவப்பு நூலைச் சுற்றினாள். "இங்க வந்ததும் ஏதாவது சாப்பிட்டுரணும்."

 டாயெங் நூலைச் சட்டைப்பையில் திணித்துக்கொண்டு எழுந்தார். இத்தனை பேர் எதிரில் பிடிவாதம் பிடித்த ஒருவரை அவமானப்படுத்தாமல் அனுப்பி வைத்தாளே, அதுவும் எல்லோருக்கும் வாய்க்கிற திறமை இல்லை.

வியாழக்கிழமை காலை அவர் கிளம்பினார். சாயங்காலம் அவர் மனைவி ரம்லா சேனாபின் கடைக்கு வந்து நின்றாள். பாங்கு கேட்டது. தெருவே நோன்பு திறந்து தண்ணீர் குடித்தது. சேனாப் நீட்டிய தம்ளரை ரம்லா தொடவில்லை.

"சாப்பிட்டிருப்பாரா இபு?"

"கேட்டுடலாம்."

விமானம் இறங்கிவிட்டது என்று கணினியில் தெரிந்ததும் சேனாப் அவர் எண்ணைப் போட்டு, ரம்லாவுக்கும் கேட்கும்படி செல்பேசியை மேசைமேல் வைத்தாள்.

மறுமுனையில் மணி அடித்தது.

"பாஸ்போர்ட் வரிசைல நிப்பாரு," என்றாள் சேனாப்.

மணி அடித்துக்கொண்டே இருந்தது.