ஸ்லோப்பில் இரண்டாம் முறை

மஸ்கட்டில் எங்கள் ஆட்கள் இரண்டு பேர் சந்தித்தால், எப்போது லீவு என்பதற்கு அடுத்த கேள்வி, "ஸ்லோப் முடிச்சாச்சா?" என்பதுதான். டிரைவிங் லைசென்சுக்கு முதலில் பீப்பாய்களுக்கு நடுவே வண்டியைப் பின்னால் எடுத்துக் காட்ட வேண்டும். அடுத்தது ஸ்லோப். கான்கிரீட் மேட்டில் பாதி ஏறி நின்று, பின்னால் உருளாமல் மறுபடி கிளப்ப வேண்டும்.

நான் ரூவியில் ஒரு கிளினிக்கில் நர்ஸ். ஊர் குமரி மாவட்டத்துக் கடற்கரை. முதல் டெஸ்டில் பாதி மேட்டில் வண்டி அணைந்து, ஒரு முழம் பின்னால் போய் ஃபெயிலாகிவிட்டது. அதன்பிறகு இரண்டு மாதம், டியூட்டி முடிந்ததும், வண்டி ஓட்டச் சொல்லித்தரும் ஓமானி உஸ்தாத்தோடு அந்த மேட்டிலேயே கிடந்தேன். "ஆராம் ஸே, மேடம், கிளட்ச் ஆராம் ஸே" என்று இந்தியில் நிதானமாக விடச் சொல்வார். மேட்டில் வண்டி அணைவது மெல்ல நின்றது.

இரண்டாம் டெஸ்டுக்கு முந்தின நாள், ஐந்தாம் வகுப்பு படிக்கும் மகள் இங்கிலீஷ் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். ஹில், கிளிஃப், ரிட்ஜ், ஸ்லோப் என்று வரிசையாகச் சொற்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு வாக்கியம். ஸ்லோப்புக்கு, பந்து உருண்டு கீழே இறங்கியது என்று எழுதியிருந்தாள்.

"தப்பு மக்ளே. ஸ்லோப்னா ஏத்தம். மேல ஏறிச்சுன்னு எழுது."

"நோ அம்மா, டவுனும் ஸ்லோப்தான்."

"தெனமும் ஸ்லோப்புல கெடக்கது நானா நீயா?"

ரப்பரை எடுத்து நானே அழித்தேன். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு, கார் மேலே ஏறியது என்று எழுதினாள்.

மறுநாள் டெஸ்ட் எடுக்கும் போலீஸ்காரர் பக்கத்தில் உட்கார்ந்தார். பாதி ஏறி நின்றேன். ஹேண்ட் பிரேக்கை விட்டேன். வண்டி ஓர் அங்குலம்கூடப் பின்வாங்காமல் ஏறி உச்சிக்கு வந்தது. எனக்குள் எல்லாம் தளர்ந்துவிட்டது. ஜெயித்தாகிவிட்டது என்று பெருமூச்சு விட்டபோது காலும் சேர்ந்து தளர்ந்திருக்க வேண்டும். மறுபக்கம் வண்டி கடகடவென்று இறங்கியது. அடியில் இருந்த நிறுத்தக் கோட்டைத் தாண்டிய பிறகுதான் பிரேக்கை மிதித்தேன். போலீஸ்காரர் தாளில் எழுதிக்கொண்டே, "கலாஸ்" என்றார், முடிந்தது என்று. அதில் கோபம் இல்லை.

வெளியே காத்திருந்த உஸ்தாத் கேட்டார்: "க்யா ஹுவா, மேடம்?"

"ஸ்லோப் முடிந்துவிட்டது என்று நினைத்தேன்" என்று தெரிந்த இந்தியில் சொன்னேன்.

அவர் கையை மேலே கொண்டுபோய் மறுபுறம் இறக்கிக் காட்டினார். "யே பி ஸ்லோப், வோ பி ஸ்லோப்."

வீட்டுக்கு வந்ததும் கணவர் என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டார். "ஏறலியா?"

"ஏறுனேன். எறங்கதான் தெரியல்ல."

மகளிடம் நோட்டை எடுத்து வரச் சொன்னேன். "நீ சொன்னதுதான் சரி. பழைய வாக்கியத்தையே எழுது." அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "உங்களோடதும் கரெக்ட்தான், அம்மா" என்று சொல்லி, அதை அழிக்காமல் அதன் கீழே பந்தைப் பற்றிய வாக்கியத்தையும் எழுதினாள். தமிழில் நமக்கு ஏற்றம் வேறு, இறக்கம் வேறு. ஒரே சொல்லுக்குள் இரண்டும் இருக்கும் என்று, இத்தனை வருஷம் இங்கிலீஷில் நோயாளிகளோடு பேசியும் நான் யோசித்ததில்லை.

மூன்றாம் முறை பாஸானேன். இறக்கத்தில் நான் போன வேகத்துக்கு ஓர் எறும்பு முந்தியிருக்கும்.

லைசென்ஸ் கைக்கு வந்த வெள்ளிக்கிழமை, மலை வளைவு வழியாகப் பழைய துறைமுகம் இருக்கும் முத்ராவுக்கு நான்தான் ஓட்டினேன். கணவர் பக்கத்தில், கைப்பிடியை விடாமல் உட்கார்ந்திருந்தார். மகள் பின்சீட்டிலிருந்து மொட்டைப் பாறைகளைக் காட்டி, "அம்மா, அது ரிட்ஜா கிளிஃபா?" என்றாள்.

"அம்மைட்ட பேச்சு குடுக்காத, ரோட்டப் பாக்கட்டும்" என்றார் அவர்.

கடற்கரையில் வண்டியை நிறுத்தி, மூன்று பேரும் ஏலக்காய் மணக்கும் கரக் சாயா குடித்தோம்.