பூங்காவனமும் மூன்று பெயர்க் காரும்

பூந்தமல்லி டிரங்க் ரோட்டில் பூங்காவனத்தைப் பார்க்காமல் கடந்து போனவர்கள் நிறையப் பேர் உண்டு. அவள் குரலைக் கேட்காமல் போனவர்கள் ஒருத்தரும் கிடையாது. ஆள் நாலே முக்கால் அடிதான். அந்த நாலே முக்காலுக்குள் ஆறடி ஆளுக்கு வேண்டிய கோபம் முழுவதையும் ஆண்டவன் அமுக்கி வைத்து மூடிவிட்டான்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் சட்டை தைக்கும் கம்பெனி ஒன்றில் அவள் செக்கிங் சூப்பர்வைசர். மேஜை எட்டவேண்டும் என்று கம்பெனியே அவளுக்கு ஒரு பலகை போட்டுக் கொடுத்திருந்தது. அந்தப் பலகையை யாராவது நகர்த்திவிட்டால் அன்றைக்கு அந்த லைனில் பாதிச் சட்டை ரிஜெக்ட். தையல் நன்றாக இருந்தாலும் ரிஜெக்ட்தான். அதனால் பலகைப் பக்கம் யாரும் போகமாட்டார்கள்.

வேலைக்குப் போய் வருவதுதான் பெரும்பாடு. பஸ்ஸில் மேல்கம்பி எட்டாது. பக்கத்தில் நிற்கிறவரின் பையையோ முழங்கையையோ பிடித்துக்கொள்வாள். பிடித்துக்கொண்டு, "ஆடாம நில்லுய்யா" என்று அவரையே திட்டவும் செய்வாள். சில நாள் புருஷன் சம்பத்தின் வண்டியில் போவாள். சம்பத்துக்குக் கேன் தண்ணீர் வியாபாரம். முன்னால் ஒரு கேன், நடுவில் சம்பத், பின்னால் பூங்காவனம், அவளுக்கும் பின்னால் இரண்டு கேன் என்று வண்டி போகும். வழியில் எல்லா வீட்டுக்கும் கேன் இறக்கியான பிறகு கடைசி டெலிவரி பூங்காவனம்தான். பாதி நனைந்து போய் இறங்குவாள்.

ஒருநாள் இப்படி நனைந்து இறங்கியவளைப் பார்த்து கம்பெனி வாட்ச்மேன், "அக்கா, அம்பத்தூர்ல மழையே இல்லியே, அங்க பேயுதா?" என்று கேட்டான். அன்றைக்கு முடிவு செய்தாள். நாற்பத்து நாலு வயதில் கார் கற்றுக்கொள்வது. சொந்தக் காரைத் தானே ஓட்டிக்கொண்டு, கண்ணாடி வழியாகத் தன் தலை எல்லோருக்கும் தெரிய, அந்தக் கம்பெனி கேட்டுக்குள் நுழைவது. வேறு எந்த ஆசையும் அவளுக்கு அதன் பிறகு ஞாபகத்தில் இல்லை.

ஓட்டுவது சுலபமாகத்தான் வந்தது. பார்ப்பதுதான் வரவில்லை. டிரைவிங் ஸ்கூல் காரில் உட்கார்ந்தால் ஸ்டீயரிங்கும், அதற்கு மேலே கொஞ்சம் வானமும் தெரியும். நடுவில் இருக்கும் பூந்தமல்லி தெரியாது. இரண்டு தலையணை போட்டு உட்கார வைத்தார்கள். குமணன்சாவடி சிக்னலில் திடீரென்று பிரேக் போட்டபோது தலையணை இரண்டும் முன்னால் வழுக்க, பூங்காவனமும் கூடவே வழுக்கி ஸ்டீயரிங்குக்குக் கீழே போய்விட்டாள். சொல்லிக்கொடுப்பவர் திரும்பிப் பார்த்தால் டிரைவர் சீட்டில் ஆளே இல்லை. அவர் போட்ட அலறலில் பக்கத்து ஆட்டோக்காரர் மயக்கம் போடாத குறை.

எப்படியோ லைசென்ஸ் வந்துவிட்டது. ஆனால் தலையணை மேல் இனி உட்காருவதில்லை என்று சத்தியம் செய்துவிட்டாள். வீட்டுக்குப் பக்கத்தில் ஷெட் வைத்திருக்கும் மெக்கானிக் ஜஸ்டின், சீட்டுக்கு அடியில் மரக்கட்டை வைத்து வெல்டிங் அடித்துத் தருவதாகச் சொன்னார். மரத்தை எப்படி வெல்டிங் செய்வது என்று கேட்டதற்கு, அதைப் பிறகு யோசிக்கலாம் என்றார்.

யோசித்தபோது வேறொன்று தெரிந்தது. பெல்லோரா என்று ஒரு பழைய மாடல் கார். அதில் டிரைவர் சீட்டுப் பக்கத்தில் ஒரு லிவர் உண்டு. அதைப் பம்ப் அடிக்கிற மாதிரி அடித்தால் சீட்டு மேலே வரும். ஆனால் மூன்று வகை பெல்லோராவில் டாப் மாடலுக்கு மட்டும்தான் அந்த லிவர். பேஸ் மாடலிலும் கிடையாது, மிடிலிலும் கிடையாது. புதுக் கார் வாங்க வக்கில்லாத பூங்காவனத்துக்கு அந்த டாப் மாடல் பெல்லோராதான் ஒரே வழி. பல மாதம் தேடியும் அகப்படவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் முஸ்தகீம் போன் செய்தார்.

முஸ்தகீமுக்குப் பூந்தமல்லியை ஒட்டிப் பழைய கார் விற்கும் யார்டு. வாயைத் திறந்தால் எந்தக் காரும் டாக்டர் ஓட்டினது, ஞாயிற்றுக்கிழமை மட்டும் எடுத்தது. "அக்கா, நீ கேட்ட டாப் எண்டு வந்துகீது. ஓடி வா" என்றார். பூங்காவனமும் சம்பத்தும் ஜஸ்டினைக் கூட்டிக்கொண்டு ஓடினார்கள். சம்பத் வழியிலேயே பூவும் பழமும் வாங்கிவிட்டார். "பொண்ணா பார்க்கப் போறோம்?" என்று பூங்காவனம் கத்தினாள். "வெறுங்கையோட எப்படிப் போறது?" என்றார் அவர்.

கார் பளபளவென்று நின்றது. பின்னால் வெள்ளி எழுத்தில் 'பெல்லோரா ஜி பிளஸ்' என்று இருந்தது. அதுதான் டாப். ஜஸ்டின் ஆர்சி கார்டை வாங்கிப் பார்த்தார்.

"பாய், இதுல 'இ'ன்னு போட்டுகீது. இது பேஸ் மாடலு."

"அது யாரோ அவசரத்துல அடிச்சது மாமே. இன்சூரன்ஸ பாரு."

இன்சூரன்ஸில் 'ஜி' என்று இருந்தது. அது மிடில்.

"ஒரு கார்தானே நிக்குது? இன்னா பாய், ரேஷன் கார்டு மாதிரி குடும்பமே இதுல கீதா?" என்றாள் பூங்காவனம்.

முஸ்தகீம் அசரவில்லை. பேப்பரில் என்ன இருந்தால் என்ன, வண்டியில் ஒட்டியிருப்பதுதான் நிஜம் என்றார். ஒட்டியிருக்கும் எழுத்து ஸ்டிக்கர் கடையில் கிலோ கணக்கில் கிடைக்கும் என்றார் ஜஸ்டின். எல்லாம் வண்டியின் உடம்பில் பொறித்த சாசி நம்பரில் தெரிந்துவிடும் என்று குனிந்து, துடைத்து, நம்பரைப் போனில் அடித்தார். சிறிது நேரம் சுற்றிவிட்டுப் பதில் வந்தது. இது டீசல் வண்டி என்றது போன்.

எதிரே நிற்பது பெட்ரோல் வண்டி. சம்பத் மூடியைத் திறந்து முகர்ந்தே பார்த்துவிட்டார்.

ஜஸ்டின் சட்டைக் கையை மடித்துக்கொண்டு வண்டியையே சோதிக்க இறங்கினார். முன்னால் பனி விளக்கு இருந்தது. டாப் என்று சம்பத் சந்தோஷப்பட்டார். ஸ்விட்ச் போட்டால் அது எரியவில்லை, ஏனென்றால் அதற்கு ஒயரே இல்லை. பேஸ் என்று சம்பத் துக்கப்பட்டார். பின் ஜன்னல் ஒன்றைக் கையால் சுற்ற வேண்டியிருந்தது, இன்னொன்று பட்டனில் இறங்கியது. சம்பத்துக்குச் சந்தோஷப்படுவதா துக்கப்படுவதா என்று தெரியவில்லை. பின் கண்ணாடியில் வைப்பர் இருந்தது. ஜஸ்டின் தொட்டதும் கையோடு வந்துவிட்டது. டபுள் டேப்பில் ஒட்டியிருந்தார்கள்.

"ஒட்டுனவனுக்கு டேஸ்ட்டு கீது" என்றார் முஸ்தகீம், கொஞ்சமும் கூச்சமில்லாமல்.

"ஜஸ்டினு, ஊர்கதையெல்லாம் வேணாம். லிவரு கீதா இல்லியா, அத்த சொல்லு" என்றாள் பூங்காவனம்.

ஜஸ்டின் டிரைவர் சீட்டின் ஓரத்தில் கையை விட்டார். அங்கே லிவர் இல்லை, கவர்தான் இருந்தது. மேலே மணி கோத்த பாய். அதற்குக் கீழே பூப்போட்ட துணிக் கவர். அதற்குக் கீழே கறுப்பு ரெக்சின் கவர். சீட்டின் பக்கவாட்டையெல்லாம் மூடி அடிவரை இழுத்துத் தைத்திருந்தார்கள். ஓரத்தில் ஏதோ கட்டையாகத் தட்டுப்பட்டது. அது சீட்டின் எலும்பாக இருக்கும் என்றார் ஜஸ்டின்.

"பிரிச்சுப் பாரு" என்றாள் பூங்காவனம்.

முஸ்தகீம் பாய்ந்து வந்து குறுக்கே கையை நீட்டினார். "அக்கா! அத்த மட்டும் கேக்காத. ரெக்சினுக்கு அடியில இன்னா கீதுன்னு தெரியுமா? கம்பெனி பிளாஸ்டிக்! ஷோரூம்ல போட்டது. பத்து வருஷமா பிரிக்கவே இல்ல. சீட்டு பொறந்த மேனிக்கு கீது. இந்த வண்டிக்கு மரியாதையே அதான்."

சம்பத்தின் கண் விரிந்தது. இது சாதாரண விஷயமில்லை. சம்பத் வீட்டில் டிவி ரிமோட் இன்னும் பிளாஸ்டிக் உறைக்குள்தான் இருக்கிறது, எந்தப் பட்டன் எதற்கு என்று யாருக்கும் தெரியாது. பிரிட்ஜ் கதவில் ஒட்டி வந்த நீலத்தாளை உரித்ததற்காக ஒரு விருந்தாளியோடு பேச்சுவார்த்தையே நின்றுபோயிருக்கிறது. சோபாவில் வந்த பாலித்தீனில் வழுக்கி விழாத சொந்தக்காரர் கிடையாது. இதில் பூங்காவனமும் சளைத்தவள் இல்லை. விழுந்தவரைத் தூக்குவதற்கு முன்னால் பாலித்தீன் கிழிந்ததா என்று பார்ப்பவள் அவள்தான்.

"பாய் சொல்றதும் ஞாயம்தான். பத்து வருஷம் ஒருத்தன் காப்பாத்திகினு வந்துகீறான். நாம போய் பிரிக்கிறதா?" என்றார் சம்பத்.

பூங்காவனத்துக்கும் கை வரவில்லை. சரி, உட்கார்ந்தாவது பார்க்கலாம் என்று ஏறினாள். கதவைச் சாத்தினாள். ஸ்டீயரிங் தெரிந்தது. அதற்கு மேலே மெட்ரோ பாலத்தின் அடிவயிறு தெரிந்தது. எதிரே நின்ற மூன்று ஆண்பிள்ளைகளில் ஒருத்தரும் தெரியவில்லை. குரல் மட்டும் கேட்டது. பேஸ் மாடலுக்கு ஒரு விலை போட்டு முடிக்கலாம் என்று ஜஸ்டின் சொல்ல, மிடில் என்று வைத்துப் பொதுவாகப் போகலாம் என்று முஸ்தகீம் சொல்ல, தலையணை நம் வீட்டில் நிறைய இருக்கிறதே என்று சம்பத் சொன்னார்.

தலையணை என்ற சொல் காதில் விழுந்ததும் பூங்காவனத்துக்குச் சுர்ரென்று ஏறியது. அதோடு அழுகையும் வந்தது. அழுகை வந்ததில் இன்னும் கோபம் வந்தது. கைப்பையைத் திறந்து நூல் வெட்டும் கட்டரை எடுத்தாள். செக்கிங் வேலை பார்க்கிறவர்கள் பையில் சோறு இல்லாவிட்டாலும் அது இருக்கும்.

இறங்கி வந்து சீட்டுக்கு முன்னால் குந்தினாள். மணிப்பாயை உருவி எறிந்தாள். பூத்துணியைப் பிடுங்கினாள். ரெக்சின் தையலை ஒரு பார்வை பார்த்தாள். "இன்னா தையலு இது? ஒரு அங்குலத்துக்கு மூணு போட்டுகீறான். ரிஜெக்ட்டு!" என்று சொல்லிக் கட்டரை உள்ளே விட்டு ஒரே இழுப்பு. சர்ரென்று பிரிந்தது.

"யக்கா, வேணாம்!" என்று முஸ்தகீம் கண்ணை மூடிக்கொண்டார். உள்ளே பிளாஸ்டிக் பழுப்பேறி மொறமொறவென்று இருந்தது. சம்பத் கையெடுத்துக் கும்பிட்டார். பூங்காவனம் அதற்குள்ளும் விரலை விட்டுக் கிழித்தாள். பத்து வருஷத்து ஷோரூம் வாசனை குப்பென்று அடித்தது.

சீட்டின் ஓரத்தில், ஒரு கைகூடப் படாமல், புத்தம் புதிதாக லிவர் இருந்தது.

முதலில் வாயைத் திறந்தது ஜஸ்டின். "சீட்ட எங்கனாச்சும் டாப் வண்டியிலேர்ந்து புடுங்கி மாட்டியிருக்கலாம்ல?" என்று இழுத்தார். கண்ணைத் திறந்த முஸ்தகீம் இப்போது வீரராகிவிட்டார். அடி போல்ட்டைப் பார்க்கச் சொன்னார். ஜஸ்டின் டார்ச் அடித்துப் பார்த்தார். கம்பெனியில் முறுக்கியதும் வைக்கிற மஞ்சள் பெயிண்ட் பொட்டு போல்ட் நாலிலும் கலையாமல் இருந்தது. கம்பெனி பிளாஸ்டிக்கும் அந்த போல்ட்டுக்கு அடியில்தான் மாட்டியிருந்தது. சீட்டு இந்த வண்டியோடேயே பிறந்தது. விளக்கையும் ஜன்னலையும் எவனெவனோ மாற்றி மாற்றிக் கெடுத்திருக்கிறான். சீட்டை மட்டும் பிளாஸ்டிக் காப்பாற்றியிருக்கிறது.

"டாப்தான் அக்கா. பேப்பர்லாம் தப்பு, போனும் தப்பு, இதான் ரைட்டு. பேப்பர மாத்தறதுக்கு ஆர்டிஓக்கு எழுதிப் போட்டுக்கலாம்" என்றார் ஜஸ்டின்.

"நான் சொன்னேன்ல டாப்புன்னு? அப்ப வெல வேற" என்றார் முஸ்தகீம்.

பூங்காவனத்துக்கு எதுவும் காதில் விழவில்லை. அவள் சீட்டில் ஏறிப் பம்ப் அடிக்க ஆரம்பித்திருந்தாள். ஒவ்வொரு அடிக்கும் மிச்சப் பிளாஸ்டிக் கறமுறவென்றது. முதலில் நெற்றி வந்தது. பிறகு பொட்டு, கண், மூக்கு. கடைசியில் பூங்காவனம் முழு முகமாகக் கண்ணாடிக்குப் பின்னால் நின்றாள். எதிரே யார்டு தெரிந்தது, கேட்டு தெரிந்தது, கேட்டுக்கு வெளியே டிரங்க் ரோடு தெரிந்தது. இதற்கெல்லாம் முன்னால் வெள்ளையாக, அகலமாக ஒன்று தெரிந்தது. அது காரின் பானெட். லைசென்ஸ் வாங்கிய பிறகும் அவள் காருக்குள்ளிருந்து பானெட்டைப் பார்த்ததே இல்லை. கண்ணில் நீர் கொட்டியது. அவள் துடைத்துக்கொள்ளவும் இல்லை.

"சரி அக்கா, எறங்கு. உள்ள வந்து வெலய பேசிக்கலாம்" என்றார் முஸ்தகீம்.

"எறங்க மாட்டேன் பாய். மிடில் வெலதானே சொன்ன? அத்தயே வெச்சிக்கோ. பேப்பர இங்க எட்தா, இங்கியே கையெழுத்து போட்றேன்."

"அதுக்கு எறங்கி வந்தா இன்னா பூங்கா?" என்றார் சம்பத்.

"எறங்குனா மறுபடியும் குள்ளமாயிடுவேன்யா."

முஸ்தகீம் மிடில் விலைக்கே தலையாட்டினார். உள்ளே போய்ச் சாவியையும் பேப்பரையும் எடுத்து வந்து ஜன்னல் வழியாக நீட்டினார். சம்பத் சுற்றிக்கொண்டு போய்ப் பக்கத்துச் சீட்டில் ஏறினார். அந்தச் சீட்டுக்கு லிவர் கிடையாது. கல்யாணம் ஆன நாளிலிருந்து குனிந்தே பார்த்துப் பழகிய பெண்டாட்டியை அவர் முதல் தடவையாக அண்ணாந்து பார்த்தார்.

"பாத்துப் போ" என்றார்.

"பாத்துதான்யா போறேன்" என்றாள் பூங்காவனம்.