சைமா உட்கார்ந்த நாற்காலி

எங்கள் துடுப்புக் கட்சியைப் பற்றி ஊரில் ஒரு கேலி உண்டு. இடதுபக்கமாகக் கிளம்புவார்களாம், பாதி வழியில் காபி குடிக்க உட்கார்ந்துவிடுவார்களாம். அந்தக் காபியைப் போட்டவள் சைமா கோர்பெலா. முட்டையை உடைத்துத் தூளோடு பிசைந்து கொதிக்கவிடுவாள். தேன் நிறத்தில் தெளிந்து இறங்கும். அதற்காகவே பாதிப் பேர் கட்சியில் சேர்ந்தார்கள் என்றால் நான் மறுக்க மாட்டேன்.

வாஷிங்டனை விட்டு ஏரிக்கரை மாநிலங்கள் பிரிந்து தனிக் குடியரசான காலத்தில் பிறந்த கட்சி இது. வாக்குச் சீட்டு அச்சடிக்க வக்கில்லாத நாளில் வந்த வழக்கம் இன்னும் போகவில்லை. ஆதரவு என்றால் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் போக வேண்டும், எதிர்ப்பு என்றால் அடுப்புப் பக்கம். உட்கார்ந்திருப்பவர்களைத்தான் எண்ணுவார்கள். சைமாவோ கெட்டிலோடு நின்றுகொண்டே இருந்தாள். கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்ததிலிருந்து தலை நரைக்கும்வரை ஒரு தடவைகூட அவள் எண்ணப்படவில்லை.

அந்த ஜனவரி மதியம் ஏரியிலிருந்து வெண்புகை எழுந்து ஜன்னல்களை மூடியிருந்தது. கரை எது, தண்ணீர் எது என்று தெரியவில்லை. கட்சிக் கூட்டம் நடந்த மண்டபமே மெல்ல நகர்ந்துகொண்டிருப்பதாக எனக்குத் தோன்றியது. பேச்சுக் குரல்கள்கூடத் தூக்கத்தில் கேட்பவைபோல இருந்தன.

பேச்சு என்னவோ தூங்க விடுகிற பேச்சில்லை. தீவுக்குப் பனியை உடைத்துக்கொண்டு போகும் குளிர்காலப் படகை நிறுத்த வேண்டும் என்பதுதான் தீர்மானம். நிறுத்தினால்தான் சுரங்க முதலாளிகளின் கட்சி, பெரும்பான்மை இல்லாத எங்கள் ஆட்சிக்குத் தோள் கொடுக்கும். அந்தத் தீவில்தான் சைமாவின் அக்கா லெம்பி படுத்த படுக்கையாய்க் கிடந்தாள். ஞாயிறுதோறும் சைமா அந்தப் படகில்தான் போய் வந்தாள். எல்லாருக்கும் தெரியும்.

"ஆட்சி கையில இருந்தாத்தானே நாலு நல்லது செய்யலாம்? போறது ஒரு படகுதானே," என்றார் தலைவர் தோர்வால்ட். கெட்டவரல்ல, யாரையும் பகைத்துக்கொள்ளத் தெரியாதவர்.

"உங்க மாமியா தீவுல இருந்தா இப்பிடிப் பேசுவீங்களா?" என்றாள் வலை பின்னும் ரூனா.

"இருந்திருந்தா படகை எப்பவோ நிறுத்தியிருப்பேன்!"

சிரிப்போடு சிரிப்பாக நாற்காலிகள் நகர்ந்தன. எண்ணினால் இரண்டு பக்கமும் சரிசமம். அப்படியானால் தலைவர் இருக்கும் பக்கம் ஜெயிக்கும். தோர்வால்ட் ஜன்னல் பக்கம் இருந்தார்.

"சைமா, எல்லாருக்கும் இன்னொரு தடவை ஊத்தும்மா," என்றார் நிம்மதியாக.

சைமா கெட்டிலைத் தரையில் வைத்தாள். கோப்பைகள் அடுக்கியிருந்த பழைய நாற்காலியிலிருந்து அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து ஜன்னல் விளிம்பில் வைத்தாள். நாற்காலியைத் தூக்கிக்கொண்டு அடுப்புப் பக்கம் போய் உட்கார்ந்தாள்.

"என்னக்கா, கால் வலியா?" என்றான் ஒருவன்.

"அங்க உக்காந்தா ஓட்டுன்னு எண்ணிருவாங்கம்மா," என்றார் தோர்வால்ட் பதறி.

"எண்ணுங்க."

"ஆட்சி கவுந்துரும் சைமா."

"ஆட்சி திரும்ப வரும். எங்கக்கா வர மாட்டா."

ஆட்சி கவிழ்ந்தது. வசந்தத்தில் புதிதாக வந்தவர்கள் முதல் வேலையாகப் படகை நிறுத்தினார்கள். ஒரு கிழவி கோட்டையைக் கவிழ்த்தாள் என்று இன்றும் ஊரில் சிலர் பல்லைக் காட்டுகிறார்கள். என் எதிரில் காட்டினால் சூடான காபியைத் தலையில் ஊற்றுவேன். அந்தக் குளிர்காலம் முழுக்கப் படகு ஓடியது. பிப்ரவரியில் லெம்பி கண்ணை மூடியபோது அவள் கை சைமாவின் கைக்குள் இருந்தது.

இப்போது கூட்டங்களில் காபியை நாங்களே மாறி மாறிப் போடுகிறோம். வாயில் வைக்க முடிவதில்லை. ஆனால் எண்ணும்போது சைமா உட்கார்ந்திருக்கிறாள்.