அண்ணன் தொடாத செட்

எங்கள் அண்ணன் எங்களை விட்டுப் போய் இந்த மாதத்தோடு ஓராண்டு நிறைகிறது. அவருடைய ஆன்ம இளைப்பாற்றிக்காக நடக்கும் திருப்பலிக்கு வந்து இந்தச் சிறு நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும், பங்கு மக்களுக்கும், கடற்கரை ஊர்களிலிருந்து வந்திருக்கும் படகுக்காரர்களுக்கும், அவருடைய ஒரே தங்கையாகிய நான் வணக்கம் சொல்லிக்கொள்கிறேன். நான் பத்தாவது வரை படித்தவள். நாலு பேர் முன்னால் எனக்குப் பேச வராது. என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால் அண்ணி என்னை எழுதச் சொன்னார்கள். என்ன எழுதப் போகிறேன் என்பதை அவர்களிடம் முதலில் சொல்லிவிட்டுத்தான் எழுதுகிறேன்.

அண்ணன் வில்லியனூர்ப் பக்கம் ஒரு சிற்றூரில் பிறந்தார். அப்பா அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை செய்தவர். கரும்புத் தோட்டத்தில் பாம்பு கடித்து அவர் இறந்தபோது அண்ணன் ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தார். எனக்கு ஆறு வயது. அந்த வாரமே அண்ணன் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு, புதுச்சேரி டவுனில் ஒரு ரேடியோ கடையில் கூட்டிப் பெருக்கச் சேர்ந்தார். ஆறு வருடத்தில் அதே கடையில் மெக்கானிக் ஆனார். அம்மா களை எடுக்கப் போவார்கள். என் பள்ளிக்கூடச் செலவு, பிறகு கல்யாணச் செலவு எல்லாம் அண்ணனுடையது. தனக்கென்று ஒரு நல்ல செருப்பு வாங்கிப் போட்டு நான் பார்த்ததில்லை.

திருமணத்துக்குப் பிறகு அண்ணி ஊரான கிருமாம்பாக்கத்தில் கடலூர் ரோட்டை ஒட்டிச் சொந்தமாகக் கடை வைத்தார். டி.வி., ரேடியோ என்று தொடங்கிய கடைக்குக் கடற்கரைக் குப்பங்களிலிருந்து படகுக்காரர்களும் வர ஆரம்பித்தார்கள். அவர்களிடம் பழைய சி.பி. ரேடியோக்கள் இருந்தன. படகுக்கும் படகுக்கும் பேசிக்கொள்ளும் நாற்பது சேனல் செட். எங்கோ கழித்துப் போட்டதை வாங்கி வந்திருப்பார்கள். உப்புக்காற்றும் வெயிலும் பட்டுப்பட்டு அவற்றின் அலைவரிசை மெல்ல நகர்ந்துவிடும். அப்படி நகர்ந்த செட்டில் மற்றவர் பேசுவது நமக்குக் கேட்கும். நாம் பேசுவதுதான் அவர்களுக்குக் கேட்காது. அதைத் திரும்பச் சரியான இடத்துக்குக் கொண்டுவருவதில் அண்ணனுக்கு நல்ல பெயர். பிள்ளைச்சாவடியிலிருந்துகூட பஸ் ஏறி வருவார்கள்.

என் கணவர் இறந்து, பிள்ளை குட்டி இல்லாமல் நான் திரும்பி வந்தபோது அண்ணனும் அண்ணியும் ஒரு வார்த்தை கேட்காமல் வீட்டில் வைத்துக்கொண்டார்கள். நாள் முழுக்க அடுப்படியிலேயே கிடக்க வேண்டாமென்று அண்ணன் என்னைக் கடையில் உட்கார வைத்தார். ஈயம் வைப்பது, ஒயர் மாற்றுவது எல்லாம் பார்த்துப் பார்த்தே எனக்குக் கை வந்தது. வெளி ஆட்களுக்கு இது தெரியாது. நான் பில் எழுத உட்கார்ந்திருப்பதாகத்தான் நினைத்தார்கள்.

ஒரு செட்டைச் சரிசெய்ததும் அண்ணன் உடனே கொடுத்துவிட மாட்டார். செட்டையும் பேட்டரியையும் சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு பாகூர் ஏரிக்கரைக்குப் போவார். அங்கே ஏரியல் கம்பியை நீட்டி, மைக்கில் கடையைக் கூப்பிடுவார். பக்கத்தில் வைத்துப் பேசினால் கெட்டுப்போன செட்டும் நன்றாகக் கேட்கும், தூரத்தில் இருந்து கேட்டால்தான் அது செட் என்பார். கடை செட்டில் பதில் சொல்வது என் வேலை.

"பாப்பா, கேக்குதா? ஏரியில தண்ணி இல்ல. கொக்குதான் நிக்குது, எண்ணி சொல்லட்டா?"

"கேக்குது."

"இன்னாடி, கேக்குதுன்னு சொல்றதுக்கு இவ்ளோ வெக்கம்? அண்ணிகிட்ட குடு, அவ திட்டுனா அந்தமான் வரைக்கும் கேக்கும்."

அண்ணி உள்ளேயிருந்து திட்டுவார்கள். அது அவருக்கும் கேட்கும்.

இனி எழுதப்போவதை எழுத என் கை கூசுகிறது. பன்னிரண்டு வருடத்துக்கு முன் அண்ணனும் அண்ணியும் கரையாம்புத்தூரில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். கடையில் நான் மட்டும் இருந்தேன். மதியம் கலியபெருமாள் அண்ணன் வந்தார். அவர் ஃபைபர் படகு வைத்திருப்பவர். அலைவரிசை நகர்ந்துவிட்டதென்று முந்தின நாள்தான் செட்டைக் கொடுத்திருந்தார். அண்ணன் அதை இன்னும் திறந்துகூடப் பார்க்கவில்லை.

"இன்னா தங்கச்சி, அண்ணன் செட்ட முடிச்சிட்டாரா? காலைல கடலுக்குப் போறோம்."

இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். அவர் ஏதாவது சத்தம் போடுவார், ரோட்டில் போகிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள் என்று எனக்கு வாய் வரவில்லை. தலையை ஆட்டிவிட்டேன்.

"அதான பாத்தேன். உங்கண்ணன் பேச்சு சுத்தம். டீ குடிச்சிட்டு வரேன், எடுத்து வைம்மா."

அவர் போனதும் செட்டைத் திறந்தேன். பேசும் அலைவரிசையைத் திருத்த உள்ளே காயில் என்கிற ஒரு கம்பிச்சுருள் இருக்கிறது. அதன் நடுவில் உள்ள கறுப்புத் திருகை மயிரிழை அளவு திருப்ப வேண்டும். அதற்கு அண்ணன் பிளாஸ்டிக் பின்னல் ஊசியை ராவி ஒரு குச்சி செய்து வைத்திருந்தார். அதை எப்போதும் சட்டைப் பையில் வைத்திருப்பார். அன்று அது அவரோடு கல்யாணத்துக்குப் போய்விட்டது. நான் இரும்பு ஸ்க்ரூ டிரைவரை எடுத்தேன். இரும்பு காயிலுக்குள் இருக்கும்போது அலைவரிசை பார்க்கும் மீட்டர் ஓர் எண்ணைக் காட்டும். வெளியே எடுத்ததும் அந்த எண் ஓடிவிடும். அண்ணன் இதைச் சொல்லி நான் கேட்டிருக்கிறேன். மீட்டரில் சரியான எண் வந்ததும் எனக்கிருந்த பயத்தில் ஸ்க்ரூ டிரைவரை எடுத்த கையோடு மீட்டர் ஒயரையும் கழற்றிவிட்டேன். திருகு அசையாமலிருக்க மெழுகுவர்த்தியை உருக்கி விட்டு மூடினேன். கடை செட்டைப் பக்கத்தில் வைத்துப் பேசிப் பார்த்தேன். கணீரென்று கேட்டது.

ஏரிக்கரைக்கு எடுத்துப் போகவில்லை. பதில் சொல்லக் கடையில் ஆளில்லை என்று அப்போது எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். நடுரோட்டில் சைக்கிளில் செட்டைக் கட்டிக்கொண்டு போய் மைக்கில் பேச வெட்கப்பட்டேன் என்பதுதான் உண்மை. கலியபெருமாள் அண்ணன் டீ குடித்துவிட்டு வந்து செட்டை வாங்கிக்கொண்டு போனார். அண்ணன் திரும்பி வந்ததும், அவர் அவசரமாக வாங்கிப் போய்விட்டார் என்று மட்டும் சொன்னேன். சரிசெய்யாமல் அப்படியே எடுத்துப் போய்விட்டார் என்று அண்ணன் நினைத்துக்கொண்டார்.

மறுநாள் நடுக்கடலில் அந்தப் படகின் எஞ்சின் நின்றுவிட்டது. படகில் மூன்று பேர். இரண்டு இரவு நீரோட்டத்தில் போனார்கள். மூன்றாம் நாள் கடலூர்ப் படகு ஒன்று அவர்களைக் கண்டுபிடித்து இழுத்து வந்தது. கலியபெருமாள் அண்ணனுடைய மச்சான் தாகத்தில் கடல் தண்ணீரைக் குடித்துவிட்டு ஆஸ்பத்திரியில் கிடந்தார். அதற்குப் பிறகு அவர் கடலுக்கே போகவில்லை.

கரையேறிய இரண்டாம் நாள் கலியபெருமாள் அண்ணன் ஏழெட்டுப் பேரோடு கடைக்கு வந்து செட்டை மேசையில் போட்டார்.

"மத்த படகுக்காரனுங்க பேசறது எங்களுக்குக் கேக்குதுய்யா. வூட்ல இன்னா கொழம்புன்னு பேசி சிரிக்கிறானுங்க. நாங்க தொண்ட கிழியக் கத்தறோம், ஒருத்தனுக்கும் கேக்கல. இத்தான் நீ சரி பண்ண லட்சணமா?"

அண்ணன் செட்டைத் திறந்தார். உள்ளே மெழுகைப் பார்த்தார். அவர் எப்போதும் நகப்பூச்சுதான் வைப்பார். திருகின் விளிம்பு இரும்பு பட்டு உடைந்திருந்தது. ஒரே ஒரு தடவை என் பக்கம் பார்த்தார். நான் பில் புத்தகத்தைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நான்தான் பாத்தேன். என் தப்புதான் கலியபெருமாளு" என்றார்.

"உன் வூட்டு ஆளு கடல்ல கெடந்திருந்தா தெரியும் உனக்கு. இனிமே எங்க குப்பத்து செட்டு ஒண்ணு இந்தக் கடைக்கு வராது."

அவர்கள் போன பிறகு அண்ணன் என்னைத் திட்டவில்லை.

"ஸ்க்ரூ டிரைவரா வச்ச?"

"ஆமாண்ணே."

"எடுத்துட்டுப் பாத்தியா?"

"இல்ல."

"சரி உடு. நீன்னு சொன்னா, பொம்பள கையில குடுத்துட்டு ஊர் சுத்தப் போனான்னு ரெண்டு பேரையும் பேசுவானுங்க. ஒருத்தன் போதும்."

அன்று சாயங்காலமே இன்னொரு பின்னல் ஊசியை ராவி என் மேசையில் வைத்தார். மூன்று பேர் உயிர் போகப் பார்த்த வேலைக்கு அவர் எனக்குக் கொடுத்த தண்டனை அவ்வளவுதான். நான் ஒரு தடவை வாயைத் திறந்திருந்தால் அவர் பெயர் அன்றே தெளிந்திருக்கும். நான் திறக்கவில்லை. அவரே சொல்லிவிட்டார், இனி நான் சொல்லி என்ன ஆகும் என்று இருந்துவிட்டேன்.

கலியபெருமாள் அண்ணன் சொன்னபடி ஒரு செட்டும் வரவில்லை. மற்றக் குப்பங்களும் ஒவ்வொன்றாக நின்றன. அண்ணன் மிக்ஸி, டேபிள் ஃபேன் பார்த்துக் குடும்பத்தை ஓட்டினார். அண்ணிக்கு விஷயம் தெரியாது. சாப்பிடும்போது பேச்சு அங்கே வந்து நிற்கும்.

"அன்னிக்கு எங்க பராக்கு பாத்துக்கினு இருந்த? மூணு உசுரு மனுசா. உன்ன நம்பி எவன் வருவான்?"

"சாம்பார்ல உப்பு கம்மிடி" என்பார் அண்ணன். நானும் பக்கத்தில்தான் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பேன்.

சர்க்கரை வியாதியில் கால் புண்ணாகி அண்ணன் ஆஸ்பத்திரியில் இருந்த கடைசி நாட்களில், "அண்ணே, அந்த செட்டு விசயத்த நான் சொல்லிடட்டா?" என்று கேட்டேன். "உனக்குத் தோணுனா சொல்லு பாப்பா. எனக்காக வேணாம்" என்றார். அதற்குப் பிறகு நான்கு நாள் உயிரோடிருந்தார். அந்த நான்கு நாளில் வார்டுக்கு எத்தனையோ பேர் வந்து போனார்கள். நான் சொல்லவில்லை.

அடக்கத்தன்று கலியபெருமாள் அண்ணன் மாலையோடு வந்தார். மாலையைப் போட்டுவிட்டு எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "தங்கமான மனுசன். ஒரே ஒரு தடவ கை தவறிடுச்சி, பாவம்." கூட்டத்தில் பலர் தலையை ஆட்டினார்கள். நான் அண்ணன் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தேன். வாயில் சேலைத் தலைப்பை வைத்து அழுதுகொண்டிருந்ததால் நான் பேசாமல் இருந்தது யாருக்கும் வித்தியாசமாகத் தெரியவில்லை. என் வாழ்க்கையில் அதைவிடக் கேவலமாக நான் என்னை உணர்ந்ததில்லை.

பங்குத் தந்தையிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன். பிறகும் தூக்கம் வரவில்லை. போன மாதம் அண்ணியிடம் சொன்னேன். அண்ணி அண்ணனுடைய படத்தைத் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு, "இத்தினி வருசம் அந்த மனுசன நான் பேசுன பேச்சையெல்லாம் எங்கடி கொண்டுபோய்க் கொட்டுவேன்?" என்று கேட்டார்கள். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள், இதை மலரில் எழுது என்று அவர்களே சொன்னார்கள்.

கலியபெருமாள் அண்ணன் வீட்டுக்கும் நானே போனேன். வாசலில் வலை கட்டிக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் நின்றபடியே சொன்னேன். அவர் என்னை மன்னித்ததாகச் சொல்லவில்லை.

"எனக்கு மட்டும் சொல்லிட்டுப் போலாம்னு வந்தியா? நான் அவரப் பத்தி பத்துக் குப்பத்துல சொல்லி வச்சிருக்கேன். அத்தினி பேர் வாயையும் நான் ஒருத்தனா போய் எப்படிம்மா மாத்துவேன்?"

அது நியாயம். அதனால்தான் இந்த மலர் வழக்கத்தைவிட அதிகப் பிரதிகள் அச்சாகி, குப்பங்களுக்கும் போகிறது.

அண்ணனுடைய நோயில் உதவிய மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், இரத்தம் கொடுத்த பங்கு இளைஞர்களுக்கும், அடக்கத்தையொட்டி இரண்டு நாள் எங்கள் வீட்டில் அடுப்பெரியாதபோது சோறு கொண்டுவந்து கொடுத்த அக்கம்பக்கத்தாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. என்னை இன்னும் வீட்டில் வைத்திருக்கும் அண்ணிக்கு நன்றி. நான் சொன்னதைக் கடைசி வரை கேட்ட கலியபெருமாள் அண்ணனுக்கும், இன்றும் கடலைப் பார்த்தால் உடம்பு நடுங்கும் அவர் மச்சானுக்கும் நான் நன்றி சொல்லத் தகுதியில்லாதவள். அவர்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.

அந்தச் செட்டை எங்கள் அண்ணன் தொடவில்லை. அவர் சரிசெய்து கொடுத்த எந்தச் செட்டும் யாரையும் கடலில் கைவிட்டதில்லை. அவர் கை தவறியது என்று இதுவரை சொன்னவர்கள், இனி அந்த இடத்தில் என் பெயரைச் சொல்லுங்கள். திருப்பலி முடிந்ததும் கோயில் வாசலில் அண்ணிக்குப் பக்கத்தில் நான் நிற்பேன். இதை நம்பாதவர்களும், கோபம் உள்ளவர்களும் என்னிடமே வந்து கேட்கலாம். தலையை ஆட்டாமல், வாய் திறந்து பதில் சொல்கிறேன்.