மழை பார்க்காத கடற்பாசி

அப்னர் கோர்டம் பிடிவாதக்காரர் என்பது ஓஷன் வியூ என்ற கடலோர ஊரில் எல்லாருக்கும் தெரியும். அவருடைய அப்பா யாக்கோபும் அப்படித்தான். யாக்கோபின் அக்கா டீனா, செருப்பு பிடிக்கவில்லை என்று தன் கல்யாணத்துக்கே ஒரு மணி நேரம் கழித்து வந்தவள். அந்த வம்சத்து ரத்தம். முப்பத்தாறு வருஷம் மீன்படகில் போய், முழங்கால் தேய்ந்து கரையேறிய ஆறாம் மாதம், அப்னரின் மனைவி மாக்ரீட்டாவுக்கு வயிற்றில் கட்டி என்று சொல்லிவிட்டார்கள்.

ஆஸ்பத்திரியில் கொடுத்த மருந்து வலியைக் குறைத்தது. ஆனால் தின்றதையெல்லாம் வெளியே கொண்டுவந்தது. கஞ்சா எண்ணெய் மூன்று சொட்டு நாக்கின் அடியில் விட்டால்தான் அவளுக்கு அரைக் கிண்ணம் சூப்பாவது தங்கும். தெருமுனையில் விற்கிறவனிடம் ஒருமுறை வாங்கிப் பார்த்தார். அதில் எதைக் கலந்திருந்தானோ, இரண்டு நாள் அவள் தலை தூக்கவில்லை. கஞ்சாச் செடியை வீட்டுக்குள் வளர்த்துக்கொள்ளலாம் என்று கோர்ட்டு சொன்னதும், பின்னறையில் விளக்கு கட்டி நான்கு தொட்டி வைத்தார். முற்றத்தில் வைத்தால் திருட்டுப்போய்க் காலையில் குச்சிதான் மிச்சமிருக்கும்.

முதல் அறுப்பு நன்றாக வந்தது. அதோடு மண் ஓய்ந்துவிட்டது. அந்த ஊரில் தோண்டினால் கிடைப்பது வெறும் கடல்மணல். அதனால் பழைய மண்ணையே முற்றத்தில் சாக்கு விரித்துக் கொட்டி, வேரைப் பிய்த்துப் போட்டு, உரமேற்ற உட்கார்ந்தார். நாள்பட்ட கோழி எரு, இடித்த முட்டை ஓடு, சுட்டுப் பொடித்த ஸ்னூக் மீனின் முள், கடைசியாகக் கூரையிலிருந்து இறக்கிய கடற்பாசி.

மாக்ரீட்டா ஜன்னலோரம் நாற்காலியில் இருந்தாள்.

"கிழவா, அந்த மண்ணுக்குச் சமைக்கிற அக்கறையில பாதி எனக்குச் சமைச்சிருந்தா நான் எந்திரிச்சு ஓடியிருப்பேன்."

"உனக்குச் சமைச்சா காரம் பத்தலைங்கிற. மண்ணு வாயத் தொறக்காது."

பாசியைக் கரையிலிருந்து வாரி வந்து கூரைமேல் ஒரு குளிர்காலம் முழுக்கப் போட்டுவைப்பது யாக்கோபு காலத்துப் பழக்கம். வசந்தத்தில் இறக்கி நொறுக்கி மண்ணில் சேர்ப்பார்கள். உலகத்தின் தென்கோடியான அந்த ஊரில் குளிர்காலம் வருஷத்தின் நடுவில் வரும்; அப்னரும் ஏப்ரலில் ஏற்றினார், அக்டோபரில் இறக்கினார். கணக்குத் தப்பவில்லை. கலந்த மண்ணை நனைத்து மூடி, சூடு அடங்க ஒரு மாதம் விட்டு, தொட்டியில் நிரப்பிக் கன்று வைத்தார். டிசம்பரில், முதல் அறுப்பில் காய்ச்சிய எண்ணெய்ப் பாட்டிலைத் தூக்கிப் பார்த்தபோது இன்னும் பத்து வாரத்துக்கு எண்ணெய் இருந்தது. செடிக்கும் பத்து வாரம். சரியாகப் போய்ச் சேரும் என்று நினைத்தார்.

ஜனவரியில் இலை நுனி காகிதம் கருகினாற்போலக் கருகிச் சுருண்டது. பசி என்று நினைத்துக்கொண்டு, அதே பாசியை ஊறவைத்த தண்ணீரை இன்னும் கொஞ்சம் ஊற்றினார். ஒரு வாரத்தில் பாதி இலை போயிற்று. தொட்டி விளிம்பில் வெள்ளையாக ஏதோ பூத்திருந்தது. விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். கடலில் முப்பத்தாறு வருஷம் நின்றவருக்கு அது என்னவென்று யாரும் சொல்ல வேண்டியதில்லை.

பாசி கூரையில் கிடந்த அந்தக் குளிர்காலம் மழையே பெய்யவில்லை. அணை காய்ந்து, ஆளுக்கு ஒரு நாளைக்கு ஐம்பது லிட்டர் என்று அளந்து விட்டுக்கொண்டிருந்தார்கள். நாற்காலியில் உட்கார்ந்து யோசித்தபோதுதான் உறைத்தது. யாக்கோபு பாசியைக் கூரையில் போட்டது மாதம் கழிவதற்காக இல்லை, மழை அதன் உப்பைக் கழுவுவதற்காக. அப்னர் மாதத்தை எண்ணினார், மழையை எண்ணவில்லை. போதாததற்கு, சிக்கனம் என்று துணி அலசிய சோப்புத் தண்ணீரையே, அதன் உப்போடு, தொட்டிக்கு ஊற்றியிருந்தார்.

உப்பை வெளியே கொண்டுபோக நல்ல தண்ணீர் வேண்டும். தொட்டிக்கு அறுபது லிட்டர் என்று பார்த்தாலும் நான்குக்கு இருநூற்று நாற்பது. மலையடி ஊற்றில் வரிசையில் நின்றால் ஒரு ஆளுக்கு இருபத்தைந்து லிட்டர்தான் பிடிக்கலாம். வேனில் போய், நின்று, சுமந்து திரும்ப முக்கால் நாள் ஆகும். பத்து நாள் போனார். முழங்கால் பூசணிக்காயாக வீங்கிவிட்டது. அவர் இல்லாத நேரத்தில் மாக்ரீட்டாவின் தங்கை சிபில் வந்து உட்கார்ந்தாள். அவள் வாய் சும்மா இருக்காது.

"செடியக் குளிப்பாட்டுறீங்க அத்தான். எங்கக்கா உடம்புல தண்ணி பட்டு எத்தனை நாளாச்சு தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சு என்ன பண்றது? செடி வளக்குறதுல கெட்டிக்காரன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டு, உப்ப அள்ளிக் கொட்டியிருக்கீங்க."

"விடுடீ," என்றாள் மாக்ரீட்டா படுக்கையிலிருந்து. "ஈரத்துணியால தொடைச்சாப் போதும். நாறினா உன் மூக்கப் பொத்திக்க."

அப்னர் குடத்தைச் சாய்த்துத் தொட்டியில் மெதுவாக ஊற்றினார். அடித்துளை வழியாக வடிந்ததை நக்கிப் பார்த்தார். ஊற்றினார். மறுபடி நக்கிப் பார்த்தார்.

இரண்டு செடி செத்தது. இரண்டு பிழைத்தது. ஆனால் கழுவின தண்ணீரோடு உரமும் போய்விட்டதால், அவை வளராமல் அப்படியே நின்றன. எருவைக் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டி மறுபடி துளிர்க்க வைப்பதற்குள் ஒரு மாதம் போனது. பிப்ரவரி கடைசியில் பாட்டில் தீர்ந்தது. அதில் சூடான சமையல் எண்ணெய் கொஞ்சம் விட்டுக் குலுக்கி, அதையும் இரண்டு நாள் கொடுத்தார்.

பிறகு ஐந்து வாரம் ஆஸ்பத்திரி மருந்துதான். குடிப்பாள், வாந்தி எடுப்பாள். தோள் எலும்பு சட்டைக்கு மேலே தெரிந்தது. ஒருநாள் அவர் பூவைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தபோது கூப்பிட்டாள்.

"பழுத்துருச்சா?"

"இன்னும் ஒரு வாரம்."

"பச்சையாவே பறியேன்."

"பச்சையில சத்து இருக்காதும்மா."

"அப்ப எனக்குத்தான் ஒரு வாரம் இருக்கணும்," என்று சொல்லிச் சிரிக்கப் பார்த்தாள். இருமல் வந்துவிட்டது.

ஒரு வாரம் பொறுத்துத்தான் பறித்தார். காயவைத்து, எண்ணெயில் காய்ச்சி வடிகட்டினபோது சின்ன இருமல் மருந்துப் பாட்டிலில் பாதிகூட வரவில்லை. அதற்குள் மாக்ரீட்டாவால் விழுங்க முடியாமல் போயிருந்தது. சிபில் தலையைத் தாங்கிக்கொள்ள, அப்னர் விரலில் தொட்டு ஈறில் தடவினார்.

"கசக்குது," என்றாள்.

"எண்ணெய் கம்மியா ஊத்திக் காய்ச்சினேன், அதான்."

அன்றைக்கு மத்தியானம் அவள் முனகாமல் மூன்று மணி நேரம் தூங்கினாள். எழுந்தபோது சூப் வேண்டுமா என்று கேட்டார்கள். தலையை அசைத்தாள், வேண்டாம் என்று. நான்காம் நாள் காலையில் போய்ச் சேர்ந்தாள். வடிகட்டின எண்ணெயில் முக்கால்வாசி அப்படியே இருந்தது. அவள் கேட்ட அன்றைக்கே, ஒரு வாரம் முன்னாலேயே பறித்திருக்கலாமோ என்று அப்னர் யாரைப் பார்த்தாலும் கேட்டார். சிபிலிடம் கேட்டபோது அவள் எப்போதும்போல வாயைத் திறந்தாள். அப்புறம் மூடிக்கொண்டாள்.