கோன்காரரின் கையும் மூச்சும்

கோன்காரருக்கு ஓரிடத்தில் உட்காரத் தெரியாது. சாப்பிடும்போதும் கால் ஆடும். பேருந்துக்கு நின்றாலும் விரல் எதையாவது தட்டிக்கொண்டிருக்கும். ஆனால் பேக்கரியின் பின்னறையில் காகிதத்தைச் சுருட்டிக் கோன் செய்து, கிரீமை நிரப்பி, கேக்கின் முன் குனிந்துவிட்டால் மனுஷன் சிலைதான். மயிரிழை போலக் கோடு இழுப்பார்.

மாவுத்தூசிக்குள்ளேயே வருடக்கணக்கில் மூச்சு வாங்கினால் நெஞ்சு சும்மா இருக்குமா? விசிலடிக்கத் தொடங்கியது. டாக்டரம்மா வாயில் வைத்து இழுக்கும் இன்ஹேலர் பம்பு இரண்டு கொடுத்தார். ஒன்று தினமும் இழுப்பது, மற்றது மூச்சு முட்டும்போது இழுப்பது. தினசரிப் பம்பை இவர் அலமாரியில் தூங்கவிட்டார். இழுத்தால் ஒன்றுமே தெரியவில்லையாம்! மற்றதை இழுத்தால் நெஞ்சு திறந்தது, கூடவே கை நடுங்கியது. வந்தது வினை.

"மருந்து நெஞ்சுக்குத்தானே? கையில அதுக்கென்ன வேலை?" என்று டாக்டரம்மாவிடம் சண்டைக்கே போனார்.

"மூச்சுக்குழாயைச் சுத்தித் தசை இருக்கு. அது இறுக்கிப் பிடிக்கிறதாலதான் உங்களுக்கு முட்டுது. மருந்து அந்தத் தசைச் செல்லுக்குள்ள போறதில்ல. வாசல்லயே நின்னு தட்டும். உடனே உள்ள வேற ஒரு ரசாயனம் மளமளன்னு உண்டாகும். அதுதான் தூது. அது போய்ச் சொன்னதும் உள்ள கால்சியம் குறையும், தசை பிடியை விட்டுடும்."

"வாசல்ல நின்னே வேலை வாங்குதா? அப்ப அது எங்க முதலாளிதான்."

டாக்டரம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அதே வாசல் கைத்தசையிலயும் இருக்கே. கொஞ்சம் மருந்து ரத்தத்தோட அங்கயும் போய்த் தட்டிடுது. தினசரிப் பம்பை ஒழுங்கா இழுங்க, இதைத் தேடுற நாள் குறையும்."

தலையை நன்றாகத்தான் ஆட்டினார். வீட்டுக்குக் கொண்டுபோனது ஒன்றே ஒன்று: வேலை முடியும்வரை கையை நடுங்கவைக்கும் அந்தப் பம்பைத் தொடக்கூடாது. யார் என்ன சொன்னாலும் அது அலட்சியம் இல்லை, தொழில் வெறி. வெறி பிடித்தவன் காதில் எது ஏறும்?

ஓட்டல் திறப்புக்கு மூன்றடுக்குக் கேக்குக்கு ஆர்டர் வந்தது. இது நன்றாக அமைந்தால் புதுக் கிளையின் அலங்கார வேலை முழுக்க அவர் பொறுப்பு என்று முதலாளி சொல்லியிருந்தார். அன்று காலையிலேயே நெஞ்சு இறுகத் தொடங்கிவிட்டது. இரண்டு அடுக்கை எப்படியோ முடித்தார். முன்கடையில் பெட்டி கட்டிக்கொண்டிருந்த மனைவி காதில் அந்த விசில் விழுந்தது. ஓடி வந்தாள்.

"பம்பை இழுங்க."

"ஒரு... அடுக்குதான்..."

"அடுக்கு முடியறதுக்குள்ள நீங்க முடிஞ்சிடுவீங்க."

பேக்கரியின் ரொட்டி அடுப்படியில் நின்றவர் அவளுடைய அண்ணன். அவரும் எட்டிப் பார்த்தார். "மாப்பிள்ளை, நீலக் கலர் கேட்டது கேக்குக்கு. உங்க உதட்டுக்கு யாரும் கேக்கல."

பதில் சொல்லப் போனார், வார்த்தைக்குக் காற்று இல்லை. தோள்கள் ஏறி ஏறி இறங்கின. கை மட்டும் இன்னும் நேராகக் கோனைப் பிடித்திருந்தது. அவள் அதற்குமேல் பொறுக்கவில்லை. கோனைப் பிடுங்கி அண்ணனிடம் திணித்தாள்.

"கை... நடுங்கும்..."

"நடுங்கட்டும்! நடுங்குற கை எனக்குப் போதும்."

இழுத்தார். மறுபடி இழுத்தார். இறுக்கிக் கட்டிய மூட்டை நெகிழ்வதுபோல் உள்ளே ஏதோ கொஞ்சம் விட்டது. உடனே விரல்கள் படபடத்தன, நெஞ்சு தடதடத்தது. அவள் காத்திருக்கவில்லை, வண்டி பிடித்து டாக்டரம்மாவிடம் கொண்டுபோய்ச் சேர்த்தாள்.

அங்கே முகமூடியில் மருந்துப் புகை வந்துகொண்டிருந்தது. கட்டிலில் கால் ஆடியது, கண் வாசலுக்கும் சுவருக்கும் அலைந்தது. கேக்கைப் பற்றிய அவர் தொல்லை தாங்காமல் அவள் அண்ணனைப் போனில் கூப்பிட்டாள். திரையில் மூன்றாவது அடுக்கு தெரிந்தது. ரொட்டி மாவு பிசைந்த விரல் போட்ட ரோஜா, முட்டைக்கோஸ் மாதிரி உட்கார்ந்திருந்தது. அதற்கு மேலும் ஒன்று!

முகமூடியை இழுத்துக் கழற்றினார் கோன்காரர். "யோவ் மச்சான், அது பூவா, இல்ல மாட்டுக்குப் போடுற தீவனமா? கோனைப் படுக்க வச்சுப் பிடிக்கச் சொல்லி எத்தனை தடவை தலையில அடிச்சுக்கிட்டேன்! என் கிளையே போச்சேய்யா உன்னால!"

போனில் அண்ணன் கோனைக் கீழே வைத்தார். பிறகு தங்கையிடம் சொன்னார்: "அம்மாடி, மூச்சே விடாமத் திட்டுறாரு. பொழைச்சுக்கிட்டாரு."

அவள் முகமூடியை மறுபடி மாட்டிவிட்டாள். அவர் அதற்குள்ளிருந்தும் திட்டிக்கொண்டே இருந்தார்.