ஏழு வாரம் இளையவர்

வெர்லின் ஓஸ்ட்லியைக் குளிப்பாட்டவும், மாத்திரை கொடுக்கவும், நடக்க வைக்கவும் நான் வாரத்தில் மூன்று நாள் போய்க்கொண்டிருந்தேன். திங்கள், புதன், வெள்ளி. அப்போது அவருக்கு எழுபத்தெட்டு வயது. கையில் நடுக்கம், மூக்கில் ஆக்சிஜன் குழாய். கல்யாணம் செய்துகொள்ளாதவர். மாவட்டத்து வடிகால் சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர். கூடவே தேசியக் காவல் படையில் பகுதி நேர அதிகாரி. மாதம் ஒரு சனி ஞாயிறு பயிற்சி, வருடத்துக்கு இரண்டு வாரம் முகாம், வெள்ளமோ பனிப்புயலோ வந்தால் கூப்பிட்ட நேரத்துக்கு ஓட வேண்டும். எங்கள் ஊரில் பாதிக் குடும்பங்களில் அப்படி ஒருவர் உண்டு.

நான் போகாத நாள்களில் அந்த வீட்டுக்கு வருகிறவர்கள் என்று பார்த்தால் தபால்காரரும் ஆக்சிஜன் சிலிண்டர் மாற்றுகிற ஆளும்தான். தபால்காரர் வாசலில் இருக்கும் பெட்டியோடு திரும்பிவிடுவார்.

ஒரு ஆகஸ்ட் மாதப் புதன்கிழமை, காலுறை மாட்டிவிட்டுக்கொண்டிருந்தேன்.

"ஆர்டிஸ், கீழ போய் ஃப்ரீசரைத் தொற. மான்கறிக்கு அடியில ஒரு கவர் இருக்கும், எடுத்துட்டு வா."

"கறிக்கு அடியில கவரா? என்ன மேஜரே, லவ் லெட்டரா?"

"மேஜருக்கு மேல, லெப்டினன்ட் கர்னல்."

"சரி, லெப்டினன்ட் கர்னலோட லவ் லெட்டரா?"

"வாயாடாத, போ."

வீடு எரிந்தாலும் ஃப்ரீசர் எரியாது என்று முக்கியமான காகிதத்தை அதில் வைப்பது எங்கள் பக்கத்துப் பழக்கம். கவரில் இரண்டு தாள்கள் இருந்தன. ஒன்று, எங்கள் மாநிலம் அவரை மேஜராக உயர்த்திய உத்தரவு. ஜனவரி பதினான்கு என்று போட்டிருந்தது. இன்னொன்று, அதை வாஷிங்டன் ஏற்றுக்கொண்ட கடிதம். அதில் ஜூன் இருபத்திரண்டு. பகுதி நேர அதிகாரிக்கு மாநிலம் பதவி கொடுத்தாலும், வாஷிங்டன் முத்திரை விழுகிற நாள்தான் கணக்கு. இவருடைய கோப்பு தலைநகரத்து அலுவலகம் ஒன்றில் யாரோ மாற்றலாகிப் போனவரின் அலமாரியில் ஐந்து மாதம் கிடந்திருக்கிறது.

"இந்த மாதிரி தேதிகளை இப்ப திருத்திக் கொடுக்கறாங்களாம். விண்ணப்பம் போடணும். எனக்குக் கை ஆடுது, நீ எழுது."

"இத்தனை வருஷம் கழிச்சு எதுக்கு? பென்ஷன் ஏறுமா?"

"பென்ஷனுக்கு இல்ல. ஆர்லன் ஹோவ் செத்த அன்னைக்கு நான்தான் மூத்தவன்னு காகிதத்துல வரணும்."

நான் காலுறையை விட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தேன். ஆர்லன் ஹோவ் டிராக்டர் பழுது பார்த்தவர். முப்பத்துநான்கு வருடத்துக்கு முன்பு ஏப்ரல் வெள்ளத்தில், காவல் படையோடு மணல்மூட்டைக் கரையில் நின்றபோது கரை உடைந்து அடித்துக்கொண்டு போய்விட்டார். அவரை அங்கே நிறுத்தி வைத்தது மேஜர் ரோலண்ட் குவிஸ்ட் என்பது ஊருக்கே தெரியும். விசாரணையில் குற்றம் எதுவும் சொல்லவில்லை. ஊர் சொன்னது. நானும் சொன்னேன். ரோலண்ட் அதற்கு மேல் பதவி ஏறவில்லை. பள்ளிக்கூட வேலையையும் விட்டுவிட்டு மேற்கே போய்விட்டார்.

வெர்லின் சொன்னதை அப்படியே தருகிறேன்.

"கரையில ரெண்டு மேஜர், நானும் ரோலியும். ஒரே பதவின்னா யார் தேதி முந்தினதோ அவன் சொல்றதுதான். வெள்ளத்துக்கு முந்தின வருஷம், எனக்கு அப்புறம் பேர் அனுப்பின அவனுக்கு மே மூணாம் தேதியே முத்திரை வந்துடுச்சு, எனக்கு ஜூன் இருபத்திரண்டு. ஏழு வாரம். பயிற்சிக்குப் போனா, 'வாடா தம்பி'ன்னு கூப்பிடுவான். விளையாட்டுக்குத்தான். எனக்கு வயிறு எரியும்."

"அதுக்கு?"

"அன்னைக்குக் காலைல ஏழேகாலுக்குக் கரைக்கு அடியில தண்ணி கசிஞ்சுது. தெளிவா கசிஞ்சா பயமில்ல. கலங்கலா வந்தா உள்ள மண்ணு கரையுதுன்னு அர்த்தம். கலங்கலாத்தான் வந்துச்சு. நான் வடிகால்காரன், எனக்குத் தெரியாதா? ரோலி கணக்கு வாத்தியார், அவனுக்கு என்ன தெரியும்? என்கிட்ட கேட்டான். 'வெர்லின், இன்னும் ரெண்டு மணி நேரம் தாங்குமா, ஆளுங்களை எடுத்துடலாமா?'ன்னான்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"'உன் தேதிதான் முந்தினது. முடிவு உன்னுது'ன்னேன்."

கரை ஒன்பது மணிக்கு உடைந்தது.

முன்னாள் படைவீரர் அலுவலகத்தில் ட்ரேசி என்ற பெண்மணி விண்ணப்பத்தைச் சரிபார்த்தாள். நல்லவள், வேகமானவள்.

"தாத்தா, இந்த வெள்ளக் கதையெல்லாம் வேணாம். மாநில உத்தரவு இருக்கு, தாமதம் உங்க தப்பில்ல, அவ்வளவுதான். அஞ்சு மாசச் சம்பள வித்தியாசமும் வரும்."

"அது வேணாம்."

"வேணாம்னு சொல்றதுக்குக் கட்டம் இல்லையே."

"அப்ப ஓரத்துல எழுது."

மூன்று வருடத்துக்குள் கேட்டிருக்க வேண்டும், ஏன் தாமதம் என்று ஒரு கேள்வி இருந்தது. அதற்கு எல்லோரும் 'இப்போதுதான் தெரியவந்தது' என்று போடுவார்களாம். வெர்லின் என்னை எழுதச் சொன்னது இது: 'தேதி தப்பு என்று முதல் நாளே தெரியும். அது தப்பாக இருந்தது எனக்கு வசதியாக இருந்தது.' ட்ரேசி இரண்டு முறை படித்துவிட்டு என்னைப் பார்த்தாள். நான் தோளைக் குலுக்கினேன். ஆளைக் குளிப்பாட்டுவது என் வேலை, மனசை மாற்றுவது இல்லை.

பதில் வரப் பதினான்கு மாதம் ஆனது. அதற்குள் கைத்தடியிலிருந்து, பிடித்து நடக்கும் நடைவண்டிக்கு வந்துவிட்டார். திங்கட்கிழமைகளில் நான் போகும்போது குரல் கரகரப்பாக இருக்கும். வெள்ளிக்கிழமைக்குப் பிறகு பேசியிருக்கவே மாட்டார். காவல் படைக்காரர்கள் வசந்தத்தில் ஒன்றுகூடி பான்கேக் சாப்பிடுவார்கள், அழைப்பும் வரும். "போகலாமே, நான் வண்டி ஓட்டறேன்" என்றேன். "ரோலி போகாத இடத்துக்கு நான் எப்படிப் போறது?" என்றார். முப்பத்துநான்கு வருடமும் அப்படித்தான் இருந்திருக்கிறார். ஜானிஸ் ஹோவ் வேலை பார்த்த மளிகைக்கடைக்குள் கால் வைக்காமல், அடுத்த ஊரில் போய் ரொட்டி வாங்கியிருக்கிறார். ஆர்லனின் மனைவிதான் ஜானிஸ். அவள் வீடு ஆறு தெரு தள்ளி.

தேதி திருத்தும் வாரியத்திடமிருந்து நவம்பரில் கடிதம் வந்தது. நான்தான் படித்தேன். ஜனவரி பதினான்கு என்று திருத்திவிட்டார்கள். சம்பளம் தனியாக வரும். கடைசிப் பத்தியில் ஒரே ஒரு வரி: விண்ணப்பதாரர் விவரிக்கும் சம்பவம் இந்த வாரியத்தின் பரிசீலனைக்கு உட்பட்டதல்ல.

"கெடச்சுடுச்சு" என்றேன்.

"ம். ரோலி வீட்டுக்குப் போகணும்."

"இருநூறு மைல். பனி விழப்போகுது."

"விழறதுக்குள்ள போகணும்."

நான்கு சிலிண்டர், மாற்று உடை, சாண்ட்விச் எடுத்துக்கொண்டு வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்குக் கிளம்பினோம். ரோலண்ட் குவிஸ்ட் தேனீ வளர்த்துக்கொண்டிருந்தார். குளிருக்காகப் பெட்டிகளுக்குக் கறுப்புத் தாள் சுற்றிக்கொண்டிருந்தவர், வண்டியைப் பார்த்து நிமிர்ந்தார். மெலிந்த, நேரான ஆள்.

"யாருடா அது? வெர்லினா? இன்னும் சாகலையா நீ?"

"முயற்சி பண்ணிட்டிருக்கேன்."

"மூக்குல என்னடா ஓஸ் பைப்பு? அங்கயும் வடிகால் வேலையா?"

இருவரும் சிரித்தார்கள். வெர்லினுக்கு இருமல் வந்தது. நான் முதுகைப் பிடித்துக்கொண்டேன். பிறகு அவர் கடிதத்தை நீட்டினார். ரோலண்ட் கையுறையைக் கழற்றி, நின்றபடியே முழுக்கப் படித்தார்.

"சரி. மூணரை மாசம் நீ எனக்கு அண்ணன். இப்ப என்னங்கற?"

"அன்னைக்கு முடிவு என்னுது, ரோலி. இனி யாராவது கேட்டா இதைக் காட்டு."

"இதைக் காட்டவா? முடிவு நான்தான்டா எடுத்தேன். ரெண்டு மணி நேரம் தாங்கும்னு நான் நெனச்சேன், தப்பா நெனச்சேன். அது என்னுது. அதைத் தூக்கிக்கிட்டு வருஷா வருஷம் ஜானிஸ் வீட்டுக் கூரையைச் சரி பண்ணப் போயிட்டு வரேன். அதை நீ காகிதம் கொண்டாந்து வாங்கிட்டுப் போக முடியாது."

"வாங்கிட்டுப் போக வரல. கசிஞ்ச தண்ணி கலங்கலா இருந்துச்சு. எனக்குத் தெரியும். உன்கிட்ட சொல்லல."

ரோலண்ட் கடிதத்தை மடிப்பு மாறாமல் மடித்தார்.

"தெரியுமா?"

"ஏழேகாலுக்கே தெரியும்."

"அதைச் சொல்ல மேஜரா இருக்கணுமாடா? சாதாரண சிப்பாய்கூட 'சார், தண்ணி கலங்குது'ன்னு சொல்லலாமே. இதுக்கு எதுக்குத் தேதி?" கடிதத்தை வெர்லினின் சட்டைப் பையில் அவரே செருகினார். "ஏழு வாரத்துக்காகவா?"

"ஆமா."

"போடா. இந்தக் குளிர்ல நிக்காத. போய் ஜானிஸ்கிட்ட சொல்லு, என்கிட்ட எதுக்குச் சொல்ற?"

உள்ளே கூப்பிடவில்லை. மறுபடி கையுறையை மாட்டிக்கொண்டு தேன்பெட்டிப் பக்கம் திரும்பிவிட்டார்.

வழி முழுக்க வெர்லின் சாண்ட்விச்சைத் தொடவில்லை. ஊர் எல்லைக்கு வந்ததும், "ஜானிஸ் வீடு" என்றார்.

"இன்னைக்கேவா? ஒரு சிலிண்டர்தான் மிச்சம், அதுலயும் பாதி."

"அஞ்சு நிமிஷம் போதும்."

ஜானிஸ் வீட்டு வாசலில் நான்கு படி. நடைவண்டியோடு ஏற முடியாது. அவர் கீழே நின்றார், நான் ஏறி மணியடித்தேன். அவள் உள்கதவைத் திறந்தாள்; வெளியே இருக்கும் கண்ணாடிக் கதவைத் திறக்கவில்லை.

"வெர்லின் ஓஸ்ட்லிதானே? என்ன வேணும்?"

அவர் சொன்னார். கண்ணாடிக்குள் கேட்க வேண்டும் என்று கத்திச் சொன்னார், அதனால் மூச்சு வாங்கியது, நடுநடுவே நிறுத்தினார். சுற்றி வளைக்கவில்லை. கடிதத்தைப் பையிலிருந்து எடுக்கவும் இல்லை.

"எத்தனை மணிக்குப் பாத்தீங்க?"

"ஏழேகால்."

"எட்டு மணிக்கு ஆர்லன் சர்ச்ல இருந்து போன் பண்ணாரு, அங்கதான் கரையில நின்னவங்களுக்கு காபி போட்டாங்க. காபி குடிச்சிட்டு பூட்ஸ் மாத்திட்டு மறுபடியும் போறேன்னாரு." கண்ணாடியில் அவள் மூச்சு படிந்தது. "அப்ப அந்த போனுக்கு முன்னாடியே முக்கால் மணி நேரம் இருந்திருக்கு."

"ஆமா."

"ரோலண்டுக்குத் தெரியுமா இது?"

"இன்னைக்குக் காலைலதான் சொன்னேன்."

"அந்த மனுஷன் ஏப்ரலானா ஏணியைத் தூக்கிட்டு வருவாரு. கூரையைச் சரி பண்ணிட்டுப் போவாரு. முப்பத்தஞ்சு வருஷமா நான் அவருக்கு ஒரு காபி கொடுத்ததில்ல." அவள் அவரைப் பார்த்துக்கொண்டே நின்றாள். "உங்க மூஞ்சியைப் பாத்தா கடையில வணக்கம் சொல்லலாம்னு இருந்தேன். நீங்க கடைக்கு வரவே இல்ல."

உள்கதவைச் சாத்தினாள். தாழ் போடும் சத்தமும் கேட்டது.

வண்டியில் ஏற்றும்போது அவர் என் கையைப் பிடித்தார். "அவனுக்கு இனிமே காபி கொடுப்பாளா?"

"எனக்கென்ன தெரியும்? காலைத் தூக்கி உள்ள வைங்க."

குளிர்காலம் முழுக்க ரோலண்டிடமிருந்து போன் இல்லை, ஜானிஸிடமிருந்தும் இல்லை. சம்பளக் காசோலை வந்தது. அதை ஆற்றங்கரைப் பராமரிப்புக்கு அனுப்பச் சொன்னார், அனுப்பினேன். மார்ச்சில் படுக்கையோடு ஆகிவிட்டார். நான் வாரம் ஐந்து நாள் போக ஆரம்பித்தேன்.

ஏப்ரல் இரண்டாவது வாரம். அவர் வீட்டுக்குப் போகும் வழியில், ஜானிஸ் வீட்டு முன்னால் ரோலண்டின் வண்டி நின்றது. மதியம் மருந்துக்கடைக்குப் போய்த் திரும்பும்போதும் அங்கேயே நின்றது. போய்ச் சொன்னேன்.

"மதியம் வரைக்குமா?" என்றார். "கூரை ரொம்ப மோசமாயிருக்கும்."

"கூரை மேல ஆள் இல்ல. ஏணி வண்டிலயேதான் இருக்கு."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். தூங்கவில்லை, எனக்குத் தெரியும். கொஞ்ச நேரம் கழித்து, "இந்தப் பக்கம் வருவானோ?" என்றார்.

"தெரியல."

நாலு மணிக்கு அந்த வண்டி வெர்லினின் தெருவைத் தாண்டி நெடுஞ்சாலைப் பக்கம் போனது. சத்தம் அவருக்கும் கேட்டிருக்கும். சூப்பைப் பாதிதான் குடித்தார். மீதியை மூடி வைத்துவிட்டு, ராத்திரிக்கான சிலிண்டரைச் சரிபார்த்துவிட்டு, வழக்கம்போல ஐந்து மணிக்கு நான் கிளம்பினேன்.